இல்லிங்கா என்றொரு ஊர்

என் அறைத்தோழனின் வாயிலிருந்து ‘ங்க’ இல்லாமல் ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை. காலையில் பேராசிரியர் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடும்போது நாங்கள் எல்லாரும் “பிரசன்ட் சார்” என்போம். அவன் மட்டும் “பிரசன்ட் சாருங்க” என்பான். வகுப்பு கொல்லென்று சிரிக்கும். பேராசிரியரும் சிரிப்பார். சிரித்துவிட்டு அவனை ஒரு நிமிஷம் பார்ப்பார். சொந்த வீட்டுப் பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது. அடுத்த பெயர் என்னுடையது. நான் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக “பிரசன்ட், சார்” என்று சொல்லும்போது அவர் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். கோடு போட்டுவிட்டு அடுத்தவனுக்குப் போய்விடுவார்.

இது பொறாமை என்று அப்போதே எனக்குத் தெரியும். வேறு நல்ல பெயர் ஏதாவது இதற்குக் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். தர்க்க சாஸ்திரம் படிக்கிற பையனுக்கு அப்படிப் பெயர்களுக்கா பஞ்சம்? ‘போட்டி மனப்பான்மை’ என்று வைத்துப் பார்த்தேன். ‘நியாயமான மனத்தாங்கல்’ என்று வைத்துப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. கோயமுத்தூரில் எங்கள் கல்லூரி அப்போதே பழையது. யாரோ ஒருவருடைய ஓட்டு வீட்டில் சின்னப் பள்ளிக்கூடமாகத் தொடங்கி, ஓர் ஆங்கிலேயத் தலைமை ஆசிரியர் கையில் வளர்ந்து, உயர்நிலைப் பள்ளியாகி, பிறகு இன்டர்மீடியட் வரைக்கும் கற்பிக்கும் கல்லூரியாக நின்றது. பி.ஏ. வேண்டுமென்றால் திருச்சிக்கோ சென்னைக்கோ ரயில் ஏற வேண்டும். கனத்த சுவர்கள், உயரமான ஜன்னல்கள், நடந்தால் முனகுகிற மரப்படி. மத்தியானத் தர்க்க வகுப்பில் பாதிப் பேர் தூங்கி விழும் நேரத்தில் தூரத்து மில்லின் சங்கு ஊதும். பேராசிரியர் அது அடங்கும் வரை நிறுத்தி, விட்ட சொல்லிலிருந்து சரியாகத் தொடங்குவார். நூறு மைல் சுற்றளவில் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தவனுக்கு ஊரில் தனி மரியாதை இருந்தது. அந்த மரியாதைக்குத்தான் நானும் வந்திருந்தேன்.

என்னைச் சேர்த்துவிட வந்தவர் என் அப்பா. சென்னிமலைப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் காடுகழனி எங்களுக்கு. புது உருமாலையைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தவர், ஆபீஸ் வாசலிலேயே அதை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். உள்ளே இருந்த குமாஸ்தா வெளியூர்க்காரர். மனுவைப் பார்த்தபடியே கேள்வி கேட்டார். இதற்கு முன் உங்கள் குடும்பத்தில் யாராவது இங்கே படித்திருக்கிறார்களா? “இல்லீங்க.” ஊரில் வேறு யாராவது காலேஜ் படித்தவர் உண்டா? “இல்லீங்க.” நீங்கள் ஏதாவது படித்ததுண்டா? அப்பா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, அதே குரலில், “இல்லீங்க” என்றார். பின்னால் வரிசையில் நின்ற பட்டணத்துப் பையன் ஒருவன் அதை அப்படியே சொல்லிக் காட்டினான். எனக்குக் காது சுட்டது. அந்த வார்த்தையை இனி என் நாக்கில் ஏற்றுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

வெகு கச்சிதமாகச் செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ‘ஊடு’ வீடானது. ‘செரி’ சரியானது. ‘ங்க’ மொத்தமாகக் கழன்று விழுந்தது. முதல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது நான் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்த ஆத்தா, பல் ஏதாவது வலிக்கிறதா கண்ணு என்று கேட்டாள். நான் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இப்படி நான் பாடுபட்டு உரித்துப் போட்டதையெல்லாம் அவன் மேலே போட்டுக்கொண்டு உலாவினான். அதற்கே எல்லாரும் அவனைக் கொண்டாடினார்கள். அவன் அந்தியூர்ப் பக்கம். குதிரைச் சந்தை சமயத்தில் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவான். திரும்பி வந்து பரீட்சை எழுதினால் என்னைவிட நாலு மார்க்கு கூட வாங்குவான். என் ஆங்கிலக் கட்டுரையின் கீழே ஆங்கிலப் பேராசிரியர் ‘பிழையில்லை’ என்று எழுதுவார். அவன் கட்டுரையில் ஏழெட்டுப் பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டுக் கீழே ‘மிக நன்று’ என்று எழுதுவார். ஹாஸ்டல் சமையற்காரர் ரசத்தின் அடிமண்டியை அவனுக்கென்று எடுத்து வைத்திருப்பார். வீட்டிலிருந்து வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் வந்தால் அவன் முதல் காரியமாகச் சரிபாதியை என் தட்டில் வைப்பான். “சாப்புடுங்க, சூடாறிப் போச்சுங்க, ஆனா நல்லாருக்குமுங்க” என்பான். ஒரே வயது, ஒரே அறை, ஆனாலும் எனக்கு ‘நீங்க’தான். அவன் கொடுத்த கச்சாயத்தைத் தின்றுகொண்டே அவன்மேல் பொறாமைப்படுவது சிரமமான காரியம். நான் பழகிக்கொண்டேன்.

சீனியர் வகுப்பின் இரண்டாம் பருவத்தில் ஒருநாள் சரித்திரப் பேராசிரியர் எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்தார். அவர் தஞ்சாவூர்க்காரர். அந்த ஆண்டுதான் மாற்றலாகி வந்திருந்தார். அந்த வருஷக் கல்லூரி விழாவில் கல்லூரியின் சரித்திரத்தை ஒரு மாணவன் எழுதி மேடையில் வாசிக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. ஆபீசின் பின்னறையில் பழைய பதிவேடுகள் கிடக்கின்றன, இரண்டு பேரும் ஒரு வாரம் சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள், தனித்தனியாக எழுதுங்கள், எது நன்றாக இருக்கிறதோ அதை எழுதினவன் வாசிக்கட்டும் என்றார்.

நான் அன்றைக்கே அப்பாவுக்கு ஒரு கார்டு எழுதிவிட்டேன். கல்லூரி விழாவில் நான் மேடையேறிப் பேசப் போகிறேன், கண்டிப்பாக வரவும் என்று. எழுதப் போகிறேன் என்றுகூட இல்லை, பேசப் போகிறேன் என்று. தபாலில் போட்ட பிறகுதான் நான் செய்தது என்னவென்று உறைத்தது. அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார். வேட்டியை வெளுக்கப் போட்டுவிடுவார். இனிமேல் நான் ஜெயித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவரைக் கூட்டி வந்து அந்தியூரான் பேசுவதைக் கேட்க வைக்க வேண்டும். அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

பின்னறையில் ஒரு நீள மேஜை. பூச்சி அரித்த பதிவேடுகளை ஆபீஸ் பியூன் மேஜைமேல் அடுக்கி வைத்திருந்தார். நான் முந்திக்கொண்டு ஆகப் பழையதை எடுத்துக்கொண்டேன். ஆங்கிலேயத் தலைமை ஆசிரியர் தம் கைப்படவே எழுதியிருந்த முதல் சேர்க்கைப் பதிவேடு அது. சாய்ந்து சாய்ந்து ஓடும் அழகான கையெழுத்து. பையன் பெயர், வயது, தகப்பன் பெயர், தொழில், ஊர். கடைசிக் கட்டத்தில் ‘முன்பு படித்த இடம்’. அந்தக் கட்டத்தில் ஒருவனுக்குச் சேலம் என்றும் இன்னொருவனுக்கு வேறோர் ஊரும் போட்டிருந்தது. அதற்குக் கீழே வரிசையாகப் பதினோரு பையன்களுக்கு ஒரே பெயர். ஆங்கில எழுத்தில் இருந்ததை நான் கூட்டி வாசித்தேன். இல்லிங்கா.

இல்லிங்கா. நான் கேள்விப்படாத ஊர். பதினோரு பேரும் விவசாயிகளின் பிள்ளைகள். ஒருவன் தாராபுரத்துப் பக்கம், ஒருவன் பவானிப் பக்கம், ஒருவன் உடுமலைப்பேட்டைப் பக்கம். எங்கெங்கோ இருந்தவர்கள் எல்லாரும் போய்ப் படித்த ஒரு பள்ளிக்கூடம்! பூகோள அறையில் மாட்டியிருந்த ஜில்லாப் படத்தில் தேடினேன். இல்லை. படத்தில் இல்லாததால் என் சந்தோஷம் கூடியது. ஒரு பெரிய கண்டுபிடிப்பு என் கையில் மாட்டிக்கொண்டது என்று புரிந்தது.

எதிரே அவன் ஏதோ ஒரு பிற்காலப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு, நடுநடுவே தனக்குள் சிரித்துக்கொண்டு, குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள், “ஏனுங்க, அந்த மொதல் புஸ்தகத்தைச் சித்தெ குடுங்க, ஒரு பார்வெ பாத்துப்போட்டுத் தாரேன்” என்று கேட்டான். நான் முழங்கையைப் பதிவேட்டின்மேல் வைத்துக்கொண்டு, இன்னும் முடியவில்லை என்றேன். நாலாம் நாளும் முடியவில்லை. ஐந்தாம் நாள் அவன் கேட்பதையே விட்டுவிட்டான். முழங்கையில் தூசி அப்பிக்கொண்டு அரித்தது. எடுக்கவில்லை நான்.

கட்டுரையில் இல்லிங்காவுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் கொடுத்தேன். கலிங்கம் என்ற பெயரோடு அதற்கு ஒற்றுமை இருப்பதைச் சுட்டிக்காட்டினேன். வடக்கேயிருந்து வந்து நொய்யல் கரையில் குடியேறிய கல்விமான்கள் சிலர் நடத்திய பள்ளியாக அது இருக்கலாம் என்றும், வெள்ளத்திலோ பஞ்சத்திலோ ஊரே அழிந்திருக்கலாம் என்றும் ஊகித்தேன். நம் கல்லூரியின் வேர் அந்த மறைந்த ஊரில் இருக்கிறது என்று முடித்தேன். அந்த வரியை எழுதியபோது எனக்கே புல்லரித்தது.

பேராசிரியர் இரண்டு கட்டுரைகளையும் படித்தார். அவனுடையதும் நன்றாகத்தான் இருந்ததாம். ஆனால் ஆரம்ப காலம் சரியாக வரவில்லையாம். எப்படி வரும்? ஆரம்ப காலத்தின்மேல் என் முழங்கை இருந்ததே! என் கட்டுரையை மேஜைமேல் தட்டி, “இத்தனை வருஷமா இதை ஒருத்தரும் கவனிக்கலையே” என்று வியந்தார். அதைத் தமிழ்ப் பண்டிதரிடம் காட்டியிருந்தால் ஒரு நொடியில் குட்டு உடைந்திருக்கும். ஆனால் ஆங்கிலக் கட்டுரையைத் தமிழ்ப் பண்டிதரிடம் காட்டுகிற வழக்கம் எங்கள் கல்லூரியில் இல்லை. நான்தான் வாசிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் முகத்தில் கொஞ்சமாவது வருத்தம் தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தேன். தெரியவில்லை. ஜெயித்த பிறகும் அவன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. தோற்றதைக்கூட என்னைவிட நன்றாகச் செய்தான்.

விழா அன்று காலையில் அறையில் நின்று உரக்க வாசித்துப் பழகினேன். அவன் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். இல்லிங்காவுக்கு வந்தேன். ஊசி நின்றது. அந்தப் பேரை இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். சொன்னேன். அது பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதியிருந்தது என்று கேட்டான். அதையும் சொன்னேன். அவன் முகம் மாறியது.

“ஏனுங்க, அது ஊரு இல்லீங்க” என்றான்.

“ஊர்தான்” என்றேன் நான்.

“அது ஊரு இல்லீங்க. இல்லீங்க தானுங்க அது. நாஞ் சொல்றதைச் சித்தெ கேளுங்க...”

இன்றைக்கு இதை எழுதும்போது அவன் எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறான் என்று தெரிகிறது. ஆனால் ‘ங்க’ என்று முடிகிற எதையும் பாதியிலேயே காதுக்கு வெளியே நிறுத்திவிட நான் இரண்டு வருஷமாகப் பழகியிருந்தேன். எனக்குக் கேட்டதெல்லாம் ஒன்றுதான். என் கண்டுபிடிப்பை இவன் இல்லை என்கிறான், அதுவும் விழா நாள் காலையில், நான் மேடையேற இருக்கும்போது. எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது.

“உனக்குப் பொறாமை” என்றேன்.

அவன் “செரீங்க” என்று சொல்லி, நூலைப் பல்லால் அறுத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் பிரின்சிபாலும் பேராசிரியர்களும், விருந்தாளியாக வந்த உள்ளூர் மில் முதலாளி ஒருவரும். முன்வரிசைகளில் வக்கீல்களும் அதிகாரிகளும். பின்னால் பெஞ்சுகளில் கிராமங்களிலிருந்து வந்த தகப்பன்மார்கள், வெளுத்த வேட்டியில், கையைக் கட்டிக்கொண்டு. அங்கே என் அப்பாவின் உருமாலை தெரிந்தது. அவன் மாணவர்கள் நடுவே உட்கார்ந்திருந்தான்.

நான் ஆங்கிலத்தில் வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன். ஓட்டு வீடு, தலைமை ஆசிரியர், முதல் வகுப்பு எல்லாம் கடந்து இல்லிங்காவுக்கு வந்து, குரலை ஏற்றி அந்தப் பேரைச் சொன்னேன். பின்பெஞ்சுகளில் அரைத் தூக்கத்தில் இருந்த ஒன்றிரண்டு தலைகள் நிமிர்ந்தன. இரண்டாம் தரம் சொன்னபோது பக்கத்தில் இருந்தவரை ஒருவர் இடித்தார். மூன்றாம் தரம் சொன்னபோது மாணவர்களின் நடுவே ஒரு சிரிப்புக் கிளம்பி, அடங்கி, மறுபடி கிளம்பியது. மில் முதலாளி மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். தஞ்சாவூர்ப் பேராசிரியர் மட்டும் பெருமையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். இதெல்லாம் அவன் கிளப்பிவிட்டதுதான் என்று நினைத்து அவனைத் தேடினேன். அத்தனை பேர் சிரித்தபோதும் அவன் சிரிக்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு ஏனென்று எனக்குப் புரியவில்லை. மீதியை வேகமாக வாசித்து முடித்து இறங்கினேன்.

வெளியே வேப்ப மரத்தடியில் அப்பா நின்றிருந்தார். முகமெல்லாம் பூரிப்பு. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“கண்ணு, நீ பேசுனது அத்தனையும் இங்கிலீசு. எனக்கு ஒண்ணும் வெளங்குல. ஒரே ஒரு வார்த்தெ மட்டும் நல்லா வெளங்குச்சு. இல்லீங்க, இல்லீங்கன்னு நாலஞ்சு தரம் சொன்னியே, அத்தன பெரிய மனுசங்க உன்னைய என்ன கேட்டாங்க?”

அப்பா கையில் உருமாலை இருந்தது. குமாஸ்தாவின் மேஜை முன்னால் அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றது என் கண் முன்னே வந்தது. தலைமை ஆசிரியராக இருந்த துரை தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டிருக்கிறார், பையன் முன்னால் எங்கே படித்தான் என்று. பதினோரு தகப்பன்மார்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் அதை ஊர்ப் பெயர் என்று எழுதிக்கொண்டார். அவர் வெளிதேசத்துக்காரர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் பதிலைக் கேட்டே வளர்ந்த நான் அதைப் பதினோரு தரம் வாசித்தும் என் வீட்டு வார்த்தை என்று தெரியாமல் கலிங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

எப்போது வந்தானோ தெரியவில்லை, என் பக்கத்தில் அவன் நின்றிருந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே அப்பாவுக்குப் பதில் சொன்னான்.

“அந்தக் காலத்துல பசங்களைச் சேர்க்க வந்த அப்பனுங்களைத் தொரை கேட்டாருங்களாமுங்க, பையன் முன்னால எங்கெ படிச்சான்னு. அவங்க இல்லீங்கன்னு சொன்னாங்களாமுங்க. அப்பிடிச் சொன்னவங்க பசங்களை வெச்சுத்தானுங்க இந்தக் காலேஜே ஆரம்பிச்சுதுங்க. அதைத்தானுங்க உங்க பையன் எடுத்துச் சொன்னாரு.”

நானும் அன்றைக்கு அதைத்தானே சொன்னேன் என்று அப்பா மெதுவாகச் சொல்லிக்கொண்டார். பிறகு நகர்ந்து போய் அவன் தோளில் கையை வைத்தார். நான் ஒரு வாரம் முழங்கை அரிக்க அரிக்க உட்கார்ந்து எழுதாமல் விட்ட சரித்திரத்தை இவன் நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டான். அதில் என்னையும் காப்பாற்றிவிட்டான். என் அப்பாவின் கை அவன் தோளில் இருந்தது. அந்த நேரத்திலும் எனக்கு நன்றி தோன்றவில்லை. என் வாழ்நாளில் அன்றைக்குப் பொறாமைப்பட்ட மாதிரி நான் யாரைப் பார்த்தும் பொறாமைப்பட்டதில்லை.

அவன் தோளிலிருந்து கையை எடுக்காமலே அப்பா என் பக்கம் திரும்பினார். ஊரில் போய்ச் சொல்வதற்கு அவருக்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

“ஏங் கண்ணு, இத்தன பசங்கள்ல நீதான் மொதலுன்னுதான உன்னைய மேடையில படிக்க உட்டாங்க?”

அவன் சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். நான் ஆமாம் என்று சொன்னால் அவன் மறுக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். அப்பா காத்துக்கொண்டிருந்தார்.

“இல்லீங்க” என்றேன்.